மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஓகூஸிலும் சுற்றுப்புறத்திலும் பழைய பிக்கப் வைத்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

பிராபிரண்ட், வீபி, தில்ஸ்ட் பக்கம் வீட்டு முற்றங்களில் பழைய ரொயோட்டா ஹைலக்ஸும் மிற்சுபிசி எல்200-உம் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மெத்தச் சந்தோசம். ஹேர்னிங் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்குக் கிடாரம் ஏற்றுவது, கோடையில் உதைபந்தாட்டப் போட்டிக்குக் கூடாரமும் கதிரையும் கொண்டுபோவது, ஆரும் வீடு மாறினால் கட்டில் அலுமாரி இழுப்பது எல்லாம் இந்த வாகனங்கள்தான். உங்களைவிட வயது கூடிய வாகனங்களைக் கைவிடாமல் ஓட்டுகிறீர்கள். அந்த அக்கறைக்காகவே இந்த மடல்.

குளிர் தொடங்கினால் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “மாமா, திறப்பைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. புதுப் பற்றரியும் போட்டாச்சு.” அந்தக் கடைசி வசனம்தான் எனக்குக் கவலை. ஸ்ராட் வராவிட்டால் பற்றரி, அது சரிவராவிட்டால் ஸ்ராட்டர், அதுவும் சரிவராவிட்டால் ஓல்ரனேற்றர் என்று வரிசையாக வாங்கிப் பூட்டுகிறீர்கள். உழைத்த காசு போகிறது, பழுது அப்படியே இருக்கிறது. நான் உங்களிடம் கேட்பது ஒன்று: ஒரு சாமானையும் அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று போதும். ஒரு பற்றரியின் விலையில் சிறு பங்குக்கு அது கிடைக்கும்.

சென்ற மார்கழியில் ஒரு தம்பியின் ஹைலக்ஸைப் பார்க்கப் போனேன். பற்றரி புதிது, ஸ்ராட்டரும் புதிது. இரண்டையும் ஒரு கராஜில் மாற்றியிருந்தார்கள். ஆனாலும் எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு நின்றுவிடும். மீற்றரின் சிவப்பு முனையை எஞ்சின் புளொக்கில் துரு இல்லாத வெறும் உலோகத்தில் வைத்தேன், கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையில் வைத்தேன், தம்பியைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டிய மீற்றர் 2 வோல்ற்றைத் தாண்டியது. அந்த ஒரு அளவிலேயே கதை முடிந்துவிட்டது. பற்றரியில் இருந்து வரும் தடித்த கறுப்பு வயர், எஞ்சினில் ஒரு போல்ட்டில் முடிகிறது. வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் வயர் நுனியிலுள்ள வளையத்தின் அடிப்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, அது உட்காரும் இடத்தில் கபில நிறத் துரு, அதற்கு மேல் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. கம்பித் தூரிகையால் இரண்டு பக்கத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தோம், திரும்பப் பூட்டினோம், மேலே கிறீஸ் பூசினோம். பிறகு அளந்தால் 0.1 வோல்ற். எஞ்சின் உடனே பிடித்தது. புது ஸ்ராட்டருக்குக் கட்டிய காசு வீண்.

இது ஏன் இப்படி என்று கணக்காகவே பாருங்கள். ஸ்ராட்டர் சுற்றும்போது பெற்றோல் எஞ்சினுக்கு 100 முதல் 200 அம்பியர், டீசலுக்கு 300 அம்பியர், அதற்கு மேலும்கூட இழுக்கும். துருவால் 0.01 ஓம் தடை மட்டும் வந்திருக்கிறது என்று வையுங்கள். 200 அம்பியர் அதனூடாகப் போனால் 2 வோல்ற் அங்கேயே தொலையும். 0.01 ஓமை உங்கள் மீற்றரின் ஓம் அளவுகோல் காட்டாது. ஒரு சின்ன விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அதுவும் பளிச்சென்று எரியும். தண்ணீர்க் குழாயைப்போலத்தான் இது: வாய் மூடிய குழாயில் அடைப்பு இருந்தாலும் அமுக்கம் முழுதாகவே இருக்கும், திறந்து ஓடவிட்டால்தான் தெரியும். ஆகவே வாகனம் சும்மா நிற்கும்போது அளந்துவிட்டு “12 வோல்ற் இருக்கிறது, வயர் நல்லது” என்று சொல்லக்கூடாது. ஸ்ராட்டர் இழுக்கும் நேரத்தில் அளக்கவேண்டும். நெகற்றிவ் பக்கம் முழுவதிலும் 0.2 வோல்ற்றுக்கு மேல் இழப்பு வரக்கூடாது. பொசிற்றிவ் பக்கம், அதாவது பற்றரி முனையில் இருந்து ஸ்ராட்டரின் தடித்த முனைவரை, 0.5 வோல்ற்றுக்குள் நிற்கவேண்டும். அளக்கும்போது எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க, டீசல் என்றால் பம்பில் இருக்கும் எரிபொருள் வெட்டும் சொலினொயிட்டின் வயரைக் கழற்றி, நுனி எதிலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். கியர் நியூற்றலில், கைபிறேக் போட்டபடி. மீற்றர் வயரும் உங்கள் சட்டைக் கையும் விசிறிக்குக் கிட்டப் போகவேண்டாம்.

டென்மார்க்கில் இந்தப் பழுது இவ்வளவு மலிந்திருப்பதற்குக் காரணம் நம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. குளிர்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். ஓகூஸ் கடலோர நகரம், காற்றிலும் ஈரம். உப்புத் தண்ணீர் பிக்கப்பின் அடியில் தெறித்து, சட்டத்தில் பூட்டிய ஒவ்வொரு ஏர்த் போல்ட்டுக்குள்ளும் இறங்குகிறது. பிக்கப்பின் எஞ்சின் றப்பர் தாங்கிகளில் இருக்கிறது, முன் கபினும் பின் தட்டும் தனித்தனியாகச் சட்டத்தில் உட்காருகின்றன. எனவே பற்றரியில் இருந்து எஞ்சினுக்கு ஒரு ஏர்த், எஞ்சினில் இருந்து உடலுக்கு ஒன்று, பின்விளக்குகளுக்கு இன்னொன்று என்று பல இடம். பிறேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறதா? பின்பக்க ஏர்த் போய்விட்டது. மின்சாரம் தன் வழி அடைபட்டதால் பக்கத்து விளக்கின் இழையூடாகத் திரும்பி ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது பழைய பிக்கப்புகள் பல இந்த விளக்கு விசயத்தில்தான் மாட்டுப்படுகின்றன. பல்ப் மாற்றிப் பிரயோசனம் இல்லை, போல்ட்டைக் கழற்றித் தேயுங்கள்.

பற்றரியையும் நான் ஒரேயடியாக விடுதலை செய்யவில்லை. அது போகும், குளிரில் கெதியாகவே போகும். ஆனால் அதற்கும் அளவு இருக்கிறது. வாகனத்தை ஓட்டி நிறுத்தியவுடன் அளக்காதீர்கள். ஒரு இரவு விட்டு, காலையில் ஒன்றையும் போடாமல் அளவுங்கள். 12.6 அல்லது 12.7 வோல்ற் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. முதலில் சார்ஜ் பண்ணுங்கள், பிறகுதான் அதன் மேல் தீர்ப்புச் சொல்லலாம். நிறைய சார்ஜ் ஏறிய பற்றரி, ஸ்ராட்டர் சுற்றும்போது தன் முனைகளிலேயே 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் அப்போது மாற்றலாம், அதற்கு நானே ஆதரவு. அளக்கும்போது மீற்றர் முனையை வயரின் கவ்வியில் வைக்காமல் ஈய முனையிலேயே வையுங்கள். கவ்விக்கும் முனைக்கும் இடையில்தான் பாதிப் பழுது ஒளிந்திருக்கும்.

நம் ஊரில் பற்றரி தானாகவே நிறையும் என்று நம்பவும் வேண்டாம். 1990-இல் இருந்து இந்த நாட்டில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓடவேண்டும். மார்கழியில் பகல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். வீட்டில் இருந்து பத்து நிமிடம் வேலைக்கு, அங்கிருந்து பத்து நிமிடம் வீட்டுக்கு. அதற்குள் முன்விளக்கு, சூடாக்கி விசிறி, பழைய டீசல் என்றால் குளோ பிளக்கும் வேறு. ஸ்ராட்டர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஓல்ரனேற்றருக்கு நேரம் கிடைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை சிலுக்கபோர் பக்கம் ஒரு ஓட்டம், அல்லது இரவில் சார்ஜரில் போடுதல், இரண்டில் ஒன்று வேண்டும்.

ஓல்ரனேற்றரை அளப்பதும் லேசு. எஞ்சின் ஓடும்போது சற்று வேகம் கூட்டி, பற்றரி முனைகளில் பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நின்றால் அது வேலை செய்கிறது. முன்விளக்கையும் விசிறியையும் போட்டும் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் முதலில் பெல்ற்றின் இறுக்கத்தைப் பாருங்கள், பிறகு ஓல்ரனேற்றரில் இருந்து பற்றரிக்குப் போகும் வயரை. இன்னொன்றும் உண்டு. ஸ்ராட் பண்ணாமல் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பும்போது பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியவேண்டும், எஞ்சின் பிடித்ததும் அணையவேண்டும். பலர் அது எரியாவிட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த விளக்கினூடாகப் போகும் சின்ன மின்னோட்டம்தான் பல பழைய வாகனங்களில் ஓல்ரனேற்றரை எழுப்புகிறது. பல்பு அல்லது பியூஸ் போனால் நல்ல ஓல்ரனேற்றரும் தூங்கும்.

இனி அந்த “டிக்” சத்தம். அந்தச் சத்தத்தில் டென்மார்க்கின் பெருமை ஒன்று இருக்கிறது. 1820-இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்ரியன் எர்ஸ்ரெட், மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்திலுள்ள திசைகாட்டி முள்ளை அசைப்பதைக் கண்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று உலகம் அறிந்தது அங்கிருந்துதான். ஸ்ராட்டரின் தலையில் இருக்கும் சொலினொயிட், அந்த உறவில் நடக்கும் ஒரு காந்தம். திறப்பைத் திருப்பினால் மெல்லிய வயரில் மின்சாரம் வருகிறது, சுருளின் காந்தம் இரும்பு உருளையை இழுக்கிறது, உருளை முனையிலுள்ள செப்புத் தட்டு இரண்டு செப்புத் துண்டுகளை ஒருசேரத் தொடுகிறது, அந்தப் பாலத்தால் முந்நூறு அம்பியரும் பாய்கிறது. டிக் என்று கேட்டால் திறப்பும் மெல்லிய வயரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, பிசகு அதற்கு அங்காலே என்று விளங்கிக்கொள்ளுங்கள். டிக்-டிக்-டிக் என்று பொரிந்தால் பற்றரி பலவீனம் அல்லது முனை தளர்வு: காந்தம் பிடிக்கிறது, சுமை வந்ததும் வோல்ற் விழுகிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு சத்தமும் இல்லை என்றால் ஸ்ராட்டரிலுள்ள மெல்லிய வயரில் மீற்றரை வைத்துத் திறப்பைத் திருப்புங்கள். அங்கே வோல்ற் வரவில்லை என்றால் திறப்பு ஸ்விச், றிலே, ஓட்டோ கியர் என்றால் நியூற்றல் ஸ்விச். ஸ்ராட்டரைத் தொடத் தேவையே இல்லை.

ஒரே ஒரு பலத்த டிக், வயர்கள் எல்லாம் நல்ல அளவு, பத்துத் தரம் திருப்பினால் பதினோராவது தரம் திடீரென்று சுற்றுகிறது: ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். இது டென்சோ ஸ்ராட்டரின் பேர்போன குணம். பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள். இது கட்டாயம். ஸ்ராட்டரின் தடித்த வயர் எப்போதும் உயிரோடு இருப்பது, ஸ்பனர் பட்டால் பொறி பறக்கும், கையும் வேகும். பிறகு ஸ்ராட்டரை இறக்கி, சொலினொயிட்டின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு செப்புத் துண்டுகளில் ஒன்று, பெரும்பாலும் பற்றரி வயர் வரும் பக்கத்தது, பிறை வடிவில் தின்னப்பட்டு மெலிந்திருக்கும். தட்டு வந்து முட்டுகிறது, ஆனால் தொடவில்லை. அந்தத் துண்டுகளும் உருளையும் தனியாக விற்பனைக்கு உண்டு, முழு ஸ்ராட்டரின் விலையில் மிகச் சிறிய பங்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானத்து வேலை. நல்ல மோட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கோ செய்த மலிவான ஸ்ராட்டரை வாங்கிப் பூட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எஞ்சின் வடிவாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இது வேறு கதை. பழைய டீசலில் இரண்டே இரண்டு மின்சார விசயம் பாருங்கள். திறப்பைப் போடும்போது பம்பின் சொலினொயிட் சின்னதாக ஒரு சத்தம் தரவேண்டும், அதன் வயரில் 12 வோல்ற் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எரிபொருள் எஞ்சினுக்குப் போகவே இல்லை. அடுத்தது குளோ பிளக். இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தடையை அளவுங்கள். நல்லது ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும், செத்தது முடிவிலி. தயவுசெய்து 12 வோல்ற்றை நேரே கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்காதீர்கள். சில ரொயோட்டாக்களில் குறைந்த வோல்ற்றுக்குச் செய்த பிளக்குகள் இருக்கின்றன, எரிந்துபோகும். கோடையில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் எஞ்சின் பிடிக்கும், அதனால் உங்களுக்குத் தெரியாது. ஐப்பசியில் முதல் உறைபனி விழுந்த காலையில் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு நிற்கும்போதுதான் வெளிவரும்.

இதெல்லாம் எனக்கு எங்கே பழகியது என்று சிலர் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தில். 1990-இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. வானொலி கேட்க சைக்கிள் டைனமோவைச் சுற்றினார்கள். ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின: சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்த நாட்களில் எங்கள் கராஜ்களில் இருந்த மூத்தவர்களுக்கு மாற்றிப் பார்க்கும் வசதி கிடையாது. மாற்ற ஒன்றும் இல்லை. ஆகவே பழுது எந்த அங்குலத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். ஒரு பல்பையும் இரண்டு துண்டு வயரையும் வைத்துக்கொண்டு பற்றரியில் இருந்து படிப்படியாகப் போவார்கள், நடுவில் ஒரு இணைப்பையும் தாண்ட மாட்டார்கள். அந்த ஒழுங்கைத்தான் நான் உங்களுக்குத் தரப் பார்க்கிறேன். உங்களுக்குத் தடை இல்லை, கடை நிறையச் சாமான் இருக்கிறது. அதனாலேயே அந்த ஒழுங்கு உங்கள் கையில் இருந்து நழுவிவிடும் என்று பயப்படுகிறேன்.

இரவில் பற்றரி இறங்கும் பழுதுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் நிறுத்தி, கதவை மூடி, நெகற்றிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையில் மீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். மீற்றர் அப்படி இருக்கும்போது ஸ்ராட் பண்ணவே கூடாது. பழைய பிக்கப்புக்கு 0.05 அம்பியருக்கு மேல் போகக் காரணம் இல்லை. அரை அம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 அம்பியர்-மணி, 60 அம்பியர்-மணி பற்றரி ஐந்து நாளில் காலி. பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது மீற்றர் விழுகிறதோ அந்தப் பாதையில் தேடுங்கள். இந்த நாட்டில் நான் முதலில் போகும் இடம் பின்னாலுள்ள ட்ரெய்லர் சொக்கற். பலர் ட்ரெய்லர் இழுப்பவர்கள், அந்தச் சொக்கற்றுக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி முனைகள் பச்சை பிடித்து ஒன்றோடொன்று கசியும். அடுத்த இடம், முந்தின சொந்தக்காரர் தன் விருப்பத்துக்கு இழுத்த வயர்கள். நீங்கள் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்கும் எல்ஈடி விளக்குக்கும் இழுத்தவையும் அதில் சேர்த்தி. புதிதாக எந்த வயர் இழுத்தாலும் பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போடுங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய பியூஸ் போடுவதோ வெள்ளித்தாள் சுற்றுவதோ வேண்டவே வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வயர் எரிந்தால் வாகனம் எரியும், உள்ளே நீங்கள் இருப்பீர்கள்.

ஜம்ப் வயர் போடும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சிவப்பு முதலில் இறங்கிய பற்றரியின் பொசிற்றிவ்வில், பிறகு நல்லதின் பொசிற்றிவ்வில். கறுப்பு நல்ல பற்றரியின் நெகற்றிவ்வில், அதன் மறுமுனை கடைசியாக, உங்கள் எஞ்சினில் பற்றரிக்குத் தள்ளி ஒரு வெறும் உலோகத்தில். கடைசி இணைப்பில் பொறி வரும். பற்றரியில் இருந்து ஐதரசன் வாயு வரும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசை பின்னோக்கி. முழுக்க இறங்கிய பற்றரி மைனஸ் 10 பாகையை ஒட்டி உறைந்தும்விடும். பக்கங்கள் வீங்கியோ உள்ளே கட்டிபட்டோ இருந்தால் ஜம்ப்பும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். சூடான இடத்தில் உருகவிட்டு, வெடிப்பு இருந்தால் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். துகள் வடிகட்டி இல்லாத பழைய டீசல் பிக்கப், ஓகூஸின் ரிங்கேடன் வட்டத் தெருவுக்கு உள்ளேயுள்ள சூழல் வலயத்துக்குள் போகக்கூடாது. பழுது பார்த்த சந்தோசத்தில் நகர நடுவுக்கு ஓட்டிப் பார்க்கப் போய்த் தண்டம் கட்டாதீர்கள்.

இந்தக் கிழமை முடிவில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் ஐந்து அளவை எழுதுங்கள்: இரவு ஓய்வுக்குப் பிறகு பற்றரி, ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரி, அதே நேரத்தில் நெகற்றிவ் பக்க இழப்பு, பொசிற்றிவ் பக்க இழப்பு, எஞ்சின் ஓடும்போது சார்ஜ். திகதி போட்டு முன் பெட்டிக்குள் வையுங்கள், அடுத்த ஐப்பசியில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் எது மாறியிருக்கிறதோ அங்கேதான் கையை வைக்கவேண்டும். அளக்கத் தெரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், சனி ஞாயிறு எந்த முற்றத்துக்கும் வருவேன். தங்கைமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மீற்றரைப் பிடிக்க நீங்களே வாருங்கள், தம்பியையோ அப்பாவையோ அனுப்பவேண்டாம். வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதைப் பேந்து கதைப்போம்.

அன்புடன்,
உங்கள் கராஜ் மாமா
ஓகூஸ்